ஒலிக்காத ஓர் எழுத்து
'ரிசீட்' என்னும் சொல் நடந்து வந்த பாதை



"காசு கட்டிட்டேன். ரிசீட் குடுங்க!" என்று நாம் அனைவரும் சொல்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்வார். ஆனால் இதையே ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி எழுதச் சொன்னால், பட்டம் பெற்றவரும் ஒரு நொடி பேனாவை நிறுத்திவிடுவார். ஆங்கிலேயரே அடிக்கடி பிழையாக எழுதும் சொற்களுள் இதுவும் ஒன்று.

நாவுக்கு எளிதான இந்தச் சொல் பேனாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? அந்தத் தொல்லைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சொல்லின் வரலாற்றோடு சேர்த்து, அந்தச் சொல் குறிக்கும் சிறு தாளின் வரலாற்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், உழைத்துப் பிழைக்கும் மக்களுக்கு அந்தத் தாளைப் போல் துணை நிற்கும் பொருள் வேறில்லை.

எழுத்தில் இருக்கும் இரண்டு குழிகள்

முதலில் மாணவர்களுக்காக எழுத்தைப் பார்ப்போம். ஆர், ஈ, சி, ஈ, ஐ, பி, டீ. ஆக ஏழு எழுத்துகள். இதில் விழுந்து எழும் இடங்கள் இரண்டு.

முதல் குழி நடுவில் இருக்கிறது. 'ஈ' முன்னால் வருமா, 'ஐ' முன்னால் வருமா? ஆங்கிலப் பள்ளிகளில் இதற்கு ஒரு பழைய விதி சொல்லிக் கொடுப்பார்கள். பொதுவாக 'ஐ' முன்னே, 'ஈ' பின்னே; ஆனால் 'சி'க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் இது தலைகீழாகிவிடும் என்பதே அந்த விதி. பெறுதல் என்னும் பொருள் தரும் 'ரிசீவ்', வீட்டுக் கூரையின் உட்புறமாகிய 'சீலிங்' ஆகிய சொற்களிலும் இதே வரிசைதான். 'சயன்ஸ்' போன்ற விலக்குகள் உண்டு என்றாலும், நம் சொல்லுக்கு இந்த விதி சரியாகப் பொருந்தும்.

இரண்டாவது குழி கடைசியில் இருக்கிறது. பென்சிலுக்கு வரும் 'பி' என்னும் எழுத்து அங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எழுதும்போது அது இருக்க வேண்டும். படிக்கும்போது அது வாயில் வரக்கூடாது. "ரெசிப்ட்" என்று படித்தால் கேட்பவர் சிரிப்பார். 'பி' இல்லாமல் எழுதினாலோ ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார்!

நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. கல்யாண மண்டபத்தில் நடக்கும் 'ரிசெப்ஷன்' நமக்கெல்லாம் தெரியும். விருந்தினரை வரவேற்று ஏற்றுக்கொள்வதுதான் அது. 'ரிசெப்ஷன்' என்று சொல்லும்போது 'பி' நன்றாகவே காதில் கேட்கிறதல்லவா? அந்தச் சொல்லும் நம் 'ரிசீட்'டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அக்காள் வீட்டில் சத்தமாகப் பேசும் 'பி', தங்கை வீட்டில் வாய் திறப்பதில்லை. அவ்வளவுதான்.

'பி' எங்கிருந்து வந்தது?

இந்தச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. அம்மொழியில் 'ரெசிப்பெரெ' என்றால் பெறுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருள். பெறப்பட்டது என்பதற்கு 'ரெசெப்தா' என்பார்கள். இங்கே 'பி' வாய்விட்டு ஒலித்தது.

காலம் செல்லச் செல்ல இலத்தீன் பேச்சு வழக்கில் தேய்ந்து பிரெஞ்சு மொழியாயிற்று. அப்படித் தேய்ந்தபோது அந்த 'பி'யும் தேய்ந்து மறைந்தது. 1066ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு நார்மண்டிப் பகுதியிலிருந்து படை வந்து இங்கிலாந்தை வென்றது. அதன்பின் பல நூற்றாண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் நார்மானியரின் பிரெஞ்சு மொழி வழங்கியது. அந்த வழியாகத்தான் இந்தச் சொல் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் இது வழங்கியபோது, எழுத்திலும் 'பி' இல்லை. ஒலியிலும் 'பி' இல்லை. கேட்டபடி எழுதினார்கள், எழுதியபடி படித்தார்கள்.

பிறகு வந்தவர்கள் பண்டிதர்கள்! 1500ஆம் ஆண்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் இலத்தீன் கல்வி ஓங்கியது. படித்தவர்கள் தங்கள் மொழியின் சொற்களை உற்றுப் பார்த்து, "இதன் தாய்ச்சொல்லில் ஒரு 'பி' இருந்ததே, அது எங்கே போயிற்று?" என்று கேட்டார்கள். காணாமற்போன எழுத்தை எழுத்தில் மட்டும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். சந்தையில் பேசிய மக்களோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் பழையபடியே 'ரிசீட்' என்றார்கள். பண்டிதரின் கை ஒரு பக்கம், பாமரரின் வாய் ஒரு பக்கம் என்று ஆனதால்தான் இன்று நம் பிள்ளைகள் தேர்வுத் தாளில் தடுமாறுகிறார்கள்.

கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே கதைதான். அதிலும் புத்தகத்தைக் குறிக்கும் 'புக்'கில் வரும் 'பி' ஒன்று ஒலிக்காமல் நிற்கிறது. அதுவும் இலத்தீனைப் பார்த்துப் பின்னால் செருகப்பட்டதே. ஆக, கடனிலும் ஓர் ஊமை எழுத்து. கடன் தீர்ந்ததைக் காட்டும் தாளிலும் ஓர் ஊமை எழுத்து!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வஞ்சனையைக் குறிக்கும் 'டிசீட்' என்ற சொல்லும் 'ரிசீட்' போலவே அமைந்தது. அதற்கும் சிலர் இந்த 'பி'யைச் சேர்த்து எழுதிப் பார்த்தார்கள். ஆனால் அங்கே அது நிலைக்கவில்லை. 'ரிசீட்'டில் மட்டும் நிலைத்துவிட்டது. 1755ஆம் ஆண்டு சாமுவேல் ஜான்சன் என்ற அறிஞர் தமது புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதன் முன்னுரையில் இந்த இரண்டு சொற்களையும் அருகருகே குறிப்பிட்டு, பெரும்பாலோர் எழுதும் வழக்கத்துக்கு இணங்கியே தாமும் இவற்றை இப்படி வேறு வேறாக எழுதுவதாகக் கூறியிருக்கிறார். வஞ்சனைக்கு 'பி' கிடையாது, ரசீதுக்கு உண்டு என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரசீது இருக்கும் இடத்தில் வஞ்சனைக்கு வேலையில்லை என்று பெரியவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

மருந்துச் சீட்டு, சமையல் குறிப்பு, சுங்கச்சாவடி

இந்தச் சொல்லின் பொருளும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. தொடக்கத்தில் பெற்றுக்கொள்ளும் செயலையே இது குறித்தது. இன்றும் அலுவலகக் கடிதங்களில் "தங்கள் கடிதம் கிடைத்தவுடன்" என்று எழுத வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் இச்சொல்லைத்தான் போடுவார்கள்.

அதே 14ஆம் நூற்றாண்டில் இதற்கு மருந்துக் குறிப்பு என்ற பொருளும் இருந்தது. இன்னின்ன சரக்கை இவ்வளவு எடுத்துக்கொள் என்று மருத்துவர் எழுதித் தருவார் அல்லவா, அதற்கு இந்தப் பெயர். பிறகு சமையல் குறிப்புக்கும் இதே பெயர் வந்தது. பழைய ஆங்கிலக் குடும்பங்களில் பாட்டி எழுதி வைத்த சமையல் குறிப்பேட்டை 'ரிசீட் புத்தகம்' என்றே சொன்னார்கள். இன்று சமையல் குறிப்பை 'ரெசிப்பி' என்கிறோம். அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். இலத்தீனில் 'ரெசிப்பெ' என்றால் 'எடுத்துக்கொள்!' என்ற கட்டளை. மருத்துவர் சீட்டின் தலைப்பில் 'ஆர்' எழுத்தின் காலைக் குறுக்கே வெட்டியதுபோல் ஒரு குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தக் கட்டளையின் சுருக்கமே.

1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், வரி வசூலிக்கும் மத்தேயு உட்கார்ந்திருந்த இடத்தைச் சொல்ல இந்தச் சொல் வருகிறது. தமிழ் விவிலியம் அதனை ஆயத்துறை என்கிறது. அதாவது, பணத்தைப் பெறும் இடத்துக்கும் இதுவே பெயர்.

பணம் பெற்றதற்கு அடையாளமாக எழுதித் தரும் தாள் என்னும் பொருள் ஏறத்தாழ 1600ஆம் ஆண்டை ஒட்டித்தான் வழக்குக்கு வந்தது. இன்று அந்தப் பொருளே முதலிடம் பிடித்துவிட்டது. இச்சொல்லைப் பன்மையில் எழுதினால் மொத்த வரவு என்ற பொருளும் வரும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். பலர் 'பில்' என்பதையும் 'ரிசீட்' என்பதையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். 'பில்' என்பது "இவ்வளவு பணம் கொடு" என்று கேட்கும் தாள். 'ரிசீட்' என்பது "இவ்வளவு பணம் வந்து சேர்ந்தது" என்று ஒப்புக்கொள்ளும் தாள். ஒன்று கேள்வி, மற்றது பதில். "பில்லுதான் இருக்கே, போதாதா?" என்றால் போதாது. கேட்டதற்கு ஆதாரம் இருக்கிறதே தவிர, கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை.

படிக்காதவனுக்கும் புரிந்த குச்சி ரசீது

தாளும் மையும் மலிவாகக் கிடைக்காத காலத்தில் இங்கிலாந்து மக்கள் என்ன செய்தார்கள்? இது நம் தோட்டத்து மக்கள் கேட்க வேண்டிய கதை.

12ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் மரக்குச்சியே ரசீதாக இருந்தது. 'ஹேசல்' என்னும் மரத்தின் குச்சியைச் சீவி, செலுத்திய தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகல வெட்டு. நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலம். இருபது பவுனுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுனுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. அதற்குக் கீழே சில்லறைக்கு இன்னும் மெல்லிய கீறல்கள். இந்த அளவுகளையெல்லாம் கருவூலத் தலைவர் ஒருவர் 12ஆம் நூற்றாண்டிலேயே நூலாக எழுதி வைத்திருக்கிறார்.

வெட்டியபின் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். இரண்டு பாதியிலும் அதே வெட்டுகள் இருக்கும். ஒரு பாதி பணம் கட்டியவனுக்கு. மறு பாதி கருவூலத்துக்கு. பின்னொரு நாள் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். யாராவது தன் பாதியில் திருட்டுத்தனமாக ஒரு வெட்டுக் கூட்டியிருந்தால், மறு பாதி அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். மரத்தின் ரேகைகூடப் பொருந்த வேண்டுமே! எழுத்தறியாதவனும் விரலால் தடவிப் பார்த்தே தன் கணக்கைத் தெரிந்துகொண்டான். பால்காரரும் வீட்டுக்காரரும் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்ததை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இந்தக் குச்சி முறை 1826ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் நீடித்தது. அது ஒழிந்தபின் பழைய குச்சிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், இலண்டனில் பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த அடுப்புகளில் அவற்றை இரண்டு வண்டிக் கணக்கில் போட்டு எரித்தார்கள். தீ அளவு மீறியது. அன்று மாலை நாடாளுமன்றக் கட்டடமே பற்றிக்கொண்டு, பெரும்பகுதி சாம்பலாயிற்று. குளிரில் நடுங்கும் ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருந்தால் இந்தக் கேடு வந்திருக்குமா என்ற கருத்தில், புகழ்பெற்ற எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1855ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவில் அரசாங்கத்தை எள்ளி நகையாடினார்.

நம் மொழிகளில் மூன்று பெயர்கள்

நம் பள்ளிப் பிள்ளைகள் மூன்று மொழி படிக்கிறார்கள். இந்த ஒரு தாளுக்கு அவர்களிடம் பல பெயர்கள் இருக்கின்றன.

தேசிய மொழியாகிய மலாயில் இது 'ரெசிட்'. ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் மலாய் மொழி அந்த ஊமை எழுத்தைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஆர், ஈ, எஸ், ஐ, டீ என்று ஐந்தே எழுத்து. ஒலிப்பதை எழுது, எழுதியதை ஒலி என்பதே அங்கே நெறி. பிள்ளைகள் ஆங்கிலத் தாளில் மலாய் எழுத்தையும், மலாய்த் தாளில் ஆங்கில எழுத்தையும் மாற்றிப் போடாமல் இருந்தால் சரி.

தமிழில் 'ரசீது' என்கிறோம். இது ஆங்கிலச் சொல்லின் திரிபு என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று! பாரசீக மொழியில் 'ரசீத்' என்றால் 'வந்து சேர்ந்தது' என்று பொருள். முகலாயர், நவாபுகள் காலத்து அலுவலகங்களில் பாரசீகமே ஆட்சிமொழி. வசூல், பாக்கி, தாசில்தார், கஜானா என்று அந்த வழியாக நம்மிடம் வந்த சொற்கள் பல. ரசீதும் அவற்றோடு வந்த சொல்தான். ஐரோப்பாவிலிருந்து 'ரிசீட்', பாரசீகத்திலிருந்து 'ரசீது'. இரண்டும் ஒலியில் ஒன்றுபோல் அமைந்தது தற்செயலே. தெருவில் ஒரே சாயலில் இருவரைப் பார்த்து அண்ணன் தம்பி என்று நினைத்துவிடுகிறோமே, அதுபோலத்தான்.

தூய தமிழில் 'பற்றுச்சீட்டு' என்ற அழகான சொல் இருக்கிறது. இலங்கையிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் இது நன்கு வழங்குகிறது. பெயர் எப்படியிருந்தாலும், கொடுத்ததைப் பதிந்து வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராச சோழன், தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை குந்தவையும் தேவியரும் மற்றவரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான். நகைகளின் எடை உட்பட அங்கே கணக்கு இருக்கிறது. அரசன் கொடுத்தால்கூடப் பதிவு வேண்டும் என்பதே அன்றைய முறை!

சுந்தரமூர்த்தி நாயனார் கதையும் நாம் அறிந்ததே. கல்யாணப் பந்தலுக்கு வந்த கிழவர், "நீ எனக்கு அடிமை" என்று ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். கிழவரோ அசரவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார். அங்கே சபையார் மூல ஓலையிலிருந்த பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். பக்தியோடு கேட்கும் அந்தக் கதைக்குள், மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள் என்ற உலகியல் பாடமும் இருக்கிறது.

கட்டிப்போட்ட தாள், காப்பாற்றிய தாள்

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். கடல் கடந்து வந்த நம் முன்னோர்களில் பலருக்கு முதன்முதலில் அறிமுகமான தாள் ரசீது அன்று, கடன் தாள்தான். கப்பல் செலவு, முன்பணம் என்று கணக்கு எழுதப்பட்டது. அவர்களோ அதைப் படிக்க இயலாமல் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். மலாயாவில் 1907ஆம் ஆண்டுத் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தபிறகே, பயணச் செலவை முதலாளிகள் சேர்ந்து ஏற்கும் முறை ஏற்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது.

நம் உறவினர் பலர் சென்று குடியேறிய இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு தாள் இருந்தது. நம் தமிழ்ச் சொல்லையே வெள்ளைக்காரத் துரைமாரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். இந்தக் கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு கடன். அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதித் தருவதே துண்டு. வேறு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்வார். கடனும் அவர்களோடு கூடவே போகும். பெரும்பாலும் அது கூடுமே தவிரக் குறையாது. 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் இந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தாள் நம் கையில் இருந்தால் அது காவல். நம்மைப் பற்றிய தாள் பிறர் கையில் மட்டும் இருந்தால் அது விலங்கு.

கைநாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, 1877ஆம் ஆண்டு ஓய்வூதியம் பெறுவோரிடம் விரல் ரேகை வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆள் மாறி வந்து பணத்தை வாங்கிப் போகாமல் இருக்க இது உதவியது. பெற்றவன் யார் என்பதை ரேகை காட்டும். ஆனால் எவ்வளவு பெற்றான் என்பதை அது காட்டாது. அதைத் தாளில் உள்ள எழுத்துதான் காட்டும். எழுத்தைப் படிக்காமல் வைத்த கைநாட்டு, எதற்கு வைத்தோம் என்றே தெரியாத கைநாட்டு அல்லவா?

மெல்ல மெல்லக் காலம் மாறியது. 1951ஆம் ஆண்டு மலாயாவில் ஊழியர் சேமநிதி வந்தது. பால்மரம் சீவியவரின் பெயரிலும் ஒரு கணக்கு ஏற்பட்டது. 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. சந்தா கொடுத்துச் சீட்டு வாங்கும் பழக்கம் லயன் வீடுகளுக்குள் வந்தது.

அதற்கடுத்து வந்தது ஒரு சோதனைக் காலம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பல தலைமுறை வாழ்ந்த வீட்டையும் வேலையையும் இழந்து நம்மவர் பலர் தெருவுக்கு வந்தனர். அந்த நேரத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று மாதம் பத்து வெள்ளி என்று பங்குப் பணம் சேர்த்தார்கள். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது சின்னத் தொகையா? அதையும் எடுத்துக் கொடுத்தார்கள் நம் தாய்மார்கள். 1961ஆம் ஆண்டு கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது. கூலியாக வந்தவர்கள் பங்குதாரர்களானார்கள்! பங்குதாரர் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஆதாரம் எது? பத்து வெள்ளிக்குப் பெற்ற அந்தச் சீட்டுகளே.

இதற்கு எதிர்ப்புறமும் நம்மிடையே உண்டு. அக்கம்பக்கத்தார் சேர்ந்து போடும் 'கூட்டு' பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "நம்ம ஆளுதானே, ரசீது கேட்டா தப்பா நெனச்சுக்குவாங்க" என்று மாதாமாதம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிடித்தவர் ஊரைவிட்டுப் போனதும் வயிற்றில் அடித்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! 1971ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் கூட்டு நிதிகளைத் தடைசெய்து சட்டமே போட்டது. நம் தமிழ்ச் சொல் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளும் பெற்றோரும் செய்ய வேண்டியது

மாணவ மணிகளே! உங்கள் வீட்டில் ஓர் இரும்புப் பெட்டியோ பிஸ்கட் டின்னோ இருக்கும். அதில் பழைய தாள்கள் மடித்துக் கிடக்கும். ஒரு விடுமுறை நாளில் பாட்டி, தாத்தாவிடம் அனுமதி கேட்டு அவற்றை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். எது பில், எது ரசீது, எது சேமநிதிக் கணக்கு என்று பிரித்து வையுங்கள். நீங்கள் படித்த மூன்று மொழிக்கும் அன்றுதான் உண்மையான தேர்வு.

நல்ல ரசீதில் ஆறு செய்திகள் இருக்க வேண்டும். தேதி, வரிசை எண், பணம் கொடுத்தவர் பெயர், தொகை, எதற்காகக் கொடுத்தது, பெற்றவரின் கையெழுத்து. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருக்க வேண்டும். எண் மட்டும் இருந்தால் பக்கத்தில் ஒரு சுழியம் சேர்ப்பது எளிது. "எதற்காக" என்ற இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பச் சொல்லி வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ யார் கேட்டாலும் வைக்காதீர்கள்.

இன்றைய கடைகளில் இயந்திரம் தரும் வழுவழுப்பான ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகுபவை. சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். பெரிய தொகையென்றால் உடனே நகல் எடுத்து வையுங்கள், அல்லது கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். கைப்பேசியிலேயே பணம் கட்டுகிறவர்கள், கட்டியதற்கான பக்கத்தைச் சேமித்து வைப்பது நல்லது.

பெற்றோர்களே! ரசீது கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. அரசன் கொடுத்ததையே கல்லில் எழுதிய இனம் நம் இனம். கேட்பவனுக்கு அது பாதுகாப்பு. கொடுப்பவனுக்கும் அது பாதுகாப்பு. நேர்மையாளன் ரசீது எழுதித் தர அஞ்ச மாட்டான்.

'ரிசீட்' என்ற சொல்லில் அந்த 'பி' ஒலிப்பதில்லை. ஆனாலும் அது இல்லாவிட்டால் சொல் பிழையாகிவிடுகிறது. பெட்டிக்குள் கிடக்கும் ரசீதும் அப்படித்தான். ஆண்டுக்கணக்காக வாய் திறக்காது. ஆனால் "நீ கட்டவே இல்லை" என்று ஒருவன் சொல்லும் நாளில், நமக்காகப் பேச அது ஒன்றே முன்வரும். அந்தத் தாளை வாங்கும் துணிவும், வாங்கியதைப் படிக்கும் அறிவும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!